மலைப்பக்கத்து வாய்க்கால்

இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். அந்தத் தபால் அட்டை வந்த நாளில் பனி பெய்தது என்று என் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் கினோகாவா ஆற்றின் வடகரையில் பனி பெய்வது அபூர்வம். அந்தப் பிப்ரவரியில் பெய்யவே இல்லை என்று தமாகி ஃபுசாயே அடித்துச் சொல்கிறாள். நான் அப்போது நகராட்சியின் பண்பாட்டுச் சொத்துப் பிரிவில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன். இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது. மீதி, பல வருஷங்கள் கழித்து அவள் துண்டு துண்டாகச் சொன்னது. எது எந்தப் பாதி என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அட்டையை அவள் நின்றுகொண்டே படித்ததும், பிறகு மெதுவாக உட்கார்ந்ததும் மட்டும் நிச்சயம்.

அட்டையை எழுதியவர் பேராசிரியர் இஷிகுரே. பழைய ஆவணங்களைப் பொறுத்தவரை அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சிறிய, நேரான எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"நகர வரலாற்றின் இரண்டாம் தொகுதியைப் படித்தேன். நிகிதா ஊரின் வாய்க்கால் உடன்படிக்கையில் ஷோவான் முதலாம் ஆண்டு, இரண்டாம் மாதம் என்று தேதி இருக்கிறது. அந்த ஆண்டு எய்னின் ஏழு என்று தொடங்கியது. நான்காம் மாதம் இருபத்தைந்தாம் தேதிதான் அரசவை அதற்கு ஷோவான் என்று பெயர் மாற்றியது. இரண்டாம் மாதத்தில் உயிரோடிருந்த எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. மேலும், வாய்க்கால் ஜிசோ பாறைக்கு மலைப்பக்கமாகப் போகிறது என்கிறது ஆவணம். நான் நேரில் பார்த்தவரை அது பள்ளத்துப் பக்கமாகப் போகிறது. பிற்காலத்தில் ஏதோ தண்ணீர் வழக்குக்காகத் தயாரித்த போலியாக இருக்கலாம். குளிர் கடுமை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

எட்டு வருஷத்துக்கு முன் அந்த ஆவணத்தைப் படித்து, அச்சுக்குக் கொடுத்து, அடிக்குறிப்பில் 'நம்பத்தக்கது' என்று எழுதியவள் ஃபுசாயே. ஷோவான் முதலாம் ஆண்டு எது என்று பார்த்தாள், ஏறக்குறைய எழுநூறு வருஷம் முந்தையது என்று கணக்குப் போட்டாள். எந்த மாதத்தில் பெயர் மாறியது என்று பார்க்கவில்லை. அரசவை ஆண்டுகளுக்குப் பெயர் மாற்றிய தேதிகளின் அட்டவணை சரித்திர மாணவர்களின் சட்டைப்பை டைரியில்கூட இருக்கும்.

வேறு ஆவணமாக இருந்திருந்தால் ஒரு திருத்தத்தோடு போயிருக்கும். இதில் நிகிதாவின் தண்ணீரே இருந்தது.

இவாமுரோ தலைமடை ஊர், நிகிதா கடைமடை ஊர். இரண்டுக்கும் ஒரே ஓடை, ஒரே மண் வாய்க்கால். அந்த வருஷம் வயல் சீரமைப்புத் திட்டம் வந்திருந்தது. படிப்படியாக இறங்கும் சின்னச் சின்ன வயல்களை எல்லாம் புல்டோசரால் தள்ளிப் பெரிய செவ்வகங்களாக்கி, வாய்க்காலைக் கான்கிரீட்டில் போடுவது திட்டம். கான்கிரீட்டில் மதகு எவ்வளவு அகலம் என்று ஒருமுறை வைத்துவிட்டால் வைத்ததுதான். தங்களுக்குப் போக மிஞ்சியதுதான் நிகிதாவுக்கு என்றது இவாமுரோ. இரண்டு நாள் மேலூருக்கு, ஒரு நாள் கீழூருக்கு என்பது ஆதிகாலத்து முறை என்றது நிகிதா. ஆதாரம், ஊர்ப் பெட்டியில் இருந்த அந்த ஒற்றைக் காகிதம். பழைய உரிமைக்கு நம்பத்தக்க ஆவணம் இருந்தால் அதன்படியே மதகு அமையும் என்று மாகாண அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மார்ச் பத்தாம் தேதி இரு ஊர்க் கூட்டம். அதில் எழுந்து நின்று அந்த ஆவணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவள் ஃபுசாயே.

புல்டோசர் வருமுன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பதிவு செய்யும் வேலையும் அவளுடையதே. ஜிசோ என்னும் வழிகாவல் தெய்வத்தைச் செதுக்கிய பாறைக்கு அருகில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு நீளமான குழி வெட்டியிருந்தாள். மூன்று வாரமாக அதில் கிடைத்தவை நீலக் கோடு போட்ட பீங்கான் ஓடுகள், ஒரு புகைக்குழாயின் உலோக வாய், அவ்வளவுதான். எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு உட்பட்டவை. அதற்குக் கீழே மஞ்சள் சரளை. சரளை வந்தால் மனிதன் தொடாத தரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

காகிதமும் பொய், வாய்க்காலும் புதிது. இரண்டும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. அதுதான் அவளை உறங்கவிடவில்லை.

அட்டையை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் குழிக்குப் போய் வந்தாள். தோண்டுவதற்குக் கூலிக்கு வந்தவர்கள் நிகிதாவின் ஆறு பெண்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் மசுயோவின் வாய் மட்டும் ஓயாது.

"தமாகி-சான், நாலு நாளா உங்க முகம் ஊறுகாய்ச் சாடி மேல வைக்கிற கல்லு மாதிரி இருக்கு. யாரை அழுத்தறதுக்கு?"

"தூக்கம் சரியில்ல."

"தனியாப் படுக்கிற உங்களுக்கே தூக்கம் வரலையா? அப்ப எங்க வீட்டுக்காரர் குறட்டைக்குப் பக்கத்துல படுக்கற நான் என்ன பண்றது?"

"வேலையைப் பாரு மசுயோ-சான்," என்றாள் குழியின் மறுமுனையில் இருந்த யுகியே. "நேத்து பீங்கான் ஓட்டை உடைச்சவ நீ."

"அது ஏற்கெனவே உடைஞ்சது! முந்நூறு வருஷம் முன்னாடி எந்த மருமகளோ போட்டு உடைச்சிருக்கா. அவ ஒண்ணை ரெண்டாக்கினா, நான் ரெண்டை மூணாக்கினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மசுயோ மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"நம்ம வாய்க்கால் இங்கதானே இருக்கும்? பத்தாம் தேதி நீங்க எழுந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும்னு ஊர்த்தலைவர் சொல்லிக்கிட்டிருக்காரு. அஞ்சு வருஷம் முன்னாடி வறட்சியில என் வயல்ல பாளம் பாளமா வெடிச்சுது, என் காலே உள்ள போச்சு. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாது."

ஃபுசாயே குழியின் சுவரில் எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். நீர் தெளிப்பானால் அந்த இடத்தை நனைத்தாள். நனைந்தாலும் மஞ்சள் சரளை மஞ்சளாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நிகிதாவின் ஊர்த்தலைவர் நோகாமி கிசாபுரோவின் வீட்டுக்குப் போனாள். அறுபத்தெட்டு வயது ஆரஞ்சுத் தோட்டக்காரர். போர்வை மூடிய கணப்பு மேசையில் கால்களை நுழைத்துக்கொண்டு, தூரிகையால் ஒரு புதுப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. காலை உள்ள விடுங்க, வெறைச்சுப் போயிருக்கும். இந்த ஒரு வரியை முடிச்சிக்கறேன், மை காஞ்சிடும்."

நிகிதாவில் ஊர்த்தலைவர் பதவி வருஷந்தோறும் மாறும். புத்தாண்டின் முதல் கூட்டத்தில் பழைய தலைவர் ஊர்ப் பெட்டியைப் புதியவரிடம் கொடுப்பார். கூட்டத்தில் பேசியதை யாராவது பென்சிலால் கிறுக்கி வைப்பார்கள். புதுத் தலைவர் பிறகு நிதானமாக அதை மையில் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். பென்சில் தாள் அடுப்புக்குப் போகும், பேரேடு பெட்டிக்குப் போகும். பெட்டியில் அப்படி முப்பது நாற்பது பேரேடுகள் இருந்தன.

ஃபுசாயே வாயைத் திறக்க வழி தேடிக்கொண்டு, அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத முதல் வரி: ஹெய்செய் முதலாம் ஆண்டு, ஜனவரி நான்காம் தேதி.

அவள் மறுபடி படித்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். பேரரசர் மரணப் படுக்கையில் இருந்ததால் அந்தப் புத்தாண்டில் யாரும் வாய்விட்டு வாழ்த்துச் சொல்லவில்லை. சாக்கே மதுக் குப்பிகளைத் திறக்காமலே கூட்டம் முடிந்தது. அவர் இறந்தது ஏழாம் தேதி. அதுவரை ஷோவா ஆண்டுகள், எட்டாம் தேதியிலிருந்துதான் புதுப் பேரரசரின் ஹெய்செய். நான்காம் தேதி அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும், அந்த நாட்டில் எவருக்கும், அந்தப் பெயர் தெரியாது.

"நோகாமி-சான், நாலாம் தேதி ஷோவா அறுபத்து நாலு இல்லையா?"

"ஆமா."

"ஹெய்செய்ன்னு எழுதியிருக்கீங்க."

"ஏழு நாளுக்காக ஒரு வருஷத்தைத் தனியா எழுதுவாங்களா? பென்சில் தாள்ல ஷோவா அறுபத்து நாலுன்னுதான் இருக்கு, பாருங்க." அடியிலிருந்து கசங்கிய தாளை எடுத்து நீட்டினார். "பேரேடு முழுக்க ஹெய்செய் ஒண்ணு. முதல் பக்கம் மட்டும் வேற பேருன்னா, பின்னாடி படிக்கறவன் இது போன வருஷத்துதுன்னு நெனச்சுக்குவான். தப்பா?"

"தப்பில்ல," என்றாள் ஃபுசாயே. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "தப்பே இல்ல. பெட்டியைக் கொஞ்சம் திறக்கறீங்களா?"

உடன்படிக்கையை அவள் எட்டு வருஷமாகத் தொட்டதில்லை. மேசை மேல் விரித்தாள். கடைசியில், இரு ஊர்க்காரர்களும் கையொப்பம் இட வேண்டிய இடத்தில், கையொப்பங்கள் இல்லை. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'இங்கே கையொப்பம் உள்ளது' என்று வார்த்தையில் எழுதியிருந்தது. அச்சுக்குக் கொடுத்தபோது, மற்ற ஆவணங்களுக்குப் போட்டதுபோலவே, அந்த இடத்திலும் அசல் கையொப்பத்துக்கான குறியைப் போட்டுவிட்டவள் அவளேதான். பேராசிரியர் அச்சைத்தான் பார்த்திருக்கிறார்.

ஏமாற்றுகிறவன் கையொப்பத்தை வரைவான். வரையாவிட்டால் அவன் வேலை முடியாது. பார்த்து எழுதுகிறவன்தான் 'இங்கே கையொப்பம் உள்ளது' என்று எழுதுவான். மூலத்தில் எய்னின் ஏழு என்று இருந்திருக்கும். அந்த வருஷமோ, பத்து வருஷம் கழித்தோ, யாரோ ஒரு நோகாமி கிசாபுரோ தூரிகையை நனைத்து, பின்னாடி படிக்கிறவன் குழம்பக் கூடாது என்று ஷோவான் ஆக்கியிருப்பார்.

அவள் அட்டையை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அதைத் தன் புதுப் பேரேட்டின் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப இந்தப் ப்ரொஃபஸர் கணக்குப்படி நானும் போலி ஆளா?"

ஃபுசாயே சிரித்துவிட்டாள். நான்கு நாளில் முதல் தடவை.

ஆனால் வெளியே வந்து நடக்கையில் பாரம் பாதிதான் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. பிரதி என்பது நேர்மைக்குச் சாட்சி, உண்மைக்கு அல்ல. பொய்யையும் ஒருவன் நேர்மையாகப் பிரதி எடுக்கலாம். ஜிசோ பாறையின் முன் நின்றாள். ஆள் உயரப் பாறை. அதன் முகத்தில் புடைப்பாகச் செதுக்கிய ஜிசோ, மழையில் தேய்ந்து மூக்கில்லாமல் இருந்தார். மலையோடு சேர்ந்த பாறை என்பதால் யாரும் அதை இடம் மாற்றியிருக்க முடியாது. வாய்க்கால் அதன் பள்ளத்துப் பக்கமாக ஓடியது. ஆவணமோ மலைப்பக்கம் என்றது.

அந்தப் பிழையை எட்டு வருஷமாக எழுதியவரின் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தாள். இப்போது அதைத் திருப்பிப் பார்த்தாள். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒருவன் வழக்குக்காகப் பொய்ப் பத்திரம் எழுத உட்கார்ந்தால் எதை எழுதுவான்? தன் கண்ணெதிரே ஓடும் வாய்க்காலைத்தான் எழுதுவான். இல்லாத இடத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்று எழுதி அவனுக்கு என்ன லாபம்? அந்த மஞ்சள் சரளையும் மனிதன் தொடாத தரையாக இல்லாமல், ஒரு பெருவெள்ளம் கொண்டுவந்து கொட்டியதாக இருந்தால்? பழைய வாய்க்காலை வெள்ளம் மூடிவிட, ஊரார் பள்ளத்துப் பக்கம் புதிதாக ஒன்று வெட்டியிருந்தால்?

பாறையின் மலைப்பக்கம் ஒரு சீமைப்பனிச்சைப் பழத் தோட்டம். அதன் சொந்தக்காரர் மினாமிதே ஹிதெஜி. இவாமுரோவின் தலைவர், பத்தாம் தேதி எதிர்ப்பக்கத்தில் உட்காரப்போகிறவர்.

மறுநாள் அவள் போனபோது அவர் ஏணிமேல் நின்று கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"நிகிதாக்காரங்க அனுப்பினாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். உங்க தோட்டத்துல, பாறைக்குப் பின்னாடி, ஒரு குழி வெட்டணும்."

"எதுக்கு?"

அவள் அட்டையை நீட்டினாள். அவர் இறங்கி வந்து, கையுறையைக் கழற்றி, அட்டையைத் தூரப் பிடித்துக்கொண்டு படித்தார். முடித்ததும் அவளைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

"இதை ஏன் என்கிட்ட காட்டறீங்க?"

"பத்தாம் தேதி எல்லார் முன்னாடியும் படிக்கப்போறேன். உங்க நிலத்துல கை வைக்கக் கேக்கறப்ப, முன்னாடியே உங்ககிட்ட சொல்லணும்ல."

"அப்ப நான் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்தாலே ஜெயிச்சிடுவேன்."

"ஆமா."

"என்னைத் தோக்கடிக்கறதுக்கு என் தோட்டத்தையே கேக்கறீங்க."

"ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம். அதையும் அன்னிக்குச் சொல்லிடுவேன்."

"நகராட்சியில எல்லாரும் இப்படித்தானா, இல்ல நீங்க மட்டும் இப்படியா?"

அவர் மறுபடி ஏணியில் ஏறி ஒரு கிளையை அறுத்தார். அது விழுந்தது. இன்னொன்றை அறுத்தார். போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் ஃபுசாயே நின்றாள். நிற்பது அவளுக்குப் பழக்கம்தான்.

"அந்த வறட்சியில," என்றார் மினாமிதே ஏணியிலிருந்தபடியே, "நிகிதா வயலெல்லாம் வெடிச்சுக் கிடந்தது இங்கேருந்து பாத்தாத் தெரியும். மதகுப் பலகையை ரெண்டு விரல் தூக்கினாப் போதும். எங்க ஊர்க்கூட்டம் முடிவு பண்ணாம தூக்க முடியாது. தூக்கினவனோட அப்புறம் எவனும் பேசமாட்டான். காகிதத்தைக் காட்டினா, 'அவங்க எழுதி வெச்சதுதானே'ம்பாங்க. மண்ணுக்குள்ளேருந்து வந்தா வாயை மூடிக்குவாங்க." அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவுல. ரெண்டு மீட்டர் அகலம். வேர் தெரிஞ்சா நிறுத்திடணும். அப்புறம், அந்த மசுயோகிட்ட கடப்பாரையைக் குடுக்காதீங்க. பள்ளிக்கூடத்துல என் சிலேட்டை உடைச்சவ அவ."

தோட்டத்தில் சரளை இடுப்பளவு ஆழத்துக்கு இருந்தது. முதல் நாள் சரளை, இரண்டாம் நாள் சரளை, மூன்றாம் நாளும் சரளை. காலையில் உறைபனி மண்ணை ஊசிகளாகத் தூக்கி வைத்திருக்கும், மதியம் அது உருகிச் சேறாகும். மினாமிதே தினமும் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு, கல்லு, கல்லு," என்று முனகினாள் மசுயோ. "இங்க வாய்க்கால் ஓடலை. எவனோ கல்லு வியாபாரம்தான் பண்ணியிருக்கான்."

"உன் நாக்கால தோண்டினா இந்நேரம் முடிஞ்சிருக்கும்," என்றார் மினாமிதே. மூன்று நாளில் அவர் பேசியது அதுதான்.

"பேசறார்! ஹிதெஜி-சானுக்கு வாய் இருக்கு!"

நான்காம் நாள், மூன்று மணித் தேநீருக்குச் சற்று முன், யுகியேயின் பக்கமிருந்து வந்த சத்தம் மாறியது. அதுவரை கல்லில் இரும்பு உரசும் சத்தம். அது திடீரென்று நின்று, ஈர மண் வெட்டுப்படும் சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். யுகியேயின் காலடியில் மண் கறுப்பாக இருந்தது. கறுப்பு, வழவழப்பு, ஒரு கல்கூட இல்லை. நின்ற தண்ணீரின் பழைய வாடை மெல்ல எழுந்தது.

"யாரும் அசையாதீங்க," என்றாள் ஃபுசாயே.

மண்டியிட்டு மூங்கில் சீவலால் சேற்றை விலக்கினாள். ஒரு மரமுளையின் தலை தெரிந்தது. ஓர் அடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. வாய்க்கால் கரை சரியாமல் இருக்க அடித்த முளைகள், வரிசை குலையாமல் நிகிதா இருக்கும் திசையில் நடந்துகொண்டிருந்தன. மூன்றாவது முளைக்கும் கரைக்கும் நடுவில் ஏதோ வளைந்த விளிம்பு. சீவலை வைத்துவிட்டு விரல் நுனியால் சேற்றை வழித்தாள். பாதி உடைந்த சிறு கிண்ணம் ஒன்று வந்தது, புகையில் சுட்ட கறுப்புக் கிண்ணம். வயலுக்கு வந்தவர் யாரோ சோறு தின்றுவிட்டுக் கழுவும்போது நழுவவிட்டிருக்கலாம்.

அவள் அதைத் திருப்பினாள். இந்த வட்டாரத்தில் அந்தக் கிண்ணங்களை முந்நூறு வருஷம் போல வனைந்தார்கள். ஆரம்பத்தில் அவற்றின் அடியில் உயரமான வளையக்கால் இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அது தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போய்விடும். இந்தக் கிண்ணத்தில் அது ஒரு நூல்தான். யாரோ ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் உருட்டி, அலட்சியமாக ஒட்டிய நூல். ஃபுசாயே கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் அதைச் சுற்றி வந்தாள். எய்னின் ஏழாம் ஆண்டு. இருபது வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போகாது.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்ந்த ஈரம் கால்சட்டைக்குள் ஊறியது. அது இதமாக இருந்தது. இரண்டு வாரமாகத் தோளைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று பிடியை விட்டுவிட்டது. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மூச்சு மட்டும் தடையில்லாமல் அடிவயிறு வரை போய் வந்தது. மூச்சு விடுவது இவ்வளவு சுலபமான காரியமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்ன, பாம்பா?" என்று மேலேயிருந்து மினாமிதே கேட்டார்.

"வாய்க்கால்."

அவர் ஏணி வைத்து இறங்கி வந்தார். முளைகளைப் பார்த்தார். வாய்க்காலின் அகலத்தைக் கரையோரம் தன் பூட்ஸால் அளந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, அடித்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாற்பது வருஷம் மதகு திறந்து மூடியவர். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நிகிதா பக்கம்," என்றார்.

"ஆமா."

பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப சரி."

அவர் முகத்தில் தோற்றவனின் சாயல் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவனின் முகம் அது என்று ஃபுசாயே பின்னாளில் சொன்னாள். மசுயோ, வாழ்நாளில் ஒருமுறையாக, ஒன்றும் பேசாமல் நின்றாள். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்புச் சேறு. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "டீ ஆறுது."

மினாமிதேயும் அவர்களோடு உட்கார்ந்து குடித்தார். யாரோ அவரிடம் ஒரு ஆரஞ்சை நீட்டினார்கள்.

மார்ச் எட்டாம் தேதி பேராசிரியர் இஷிகுரே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து குழிக்குள் ஒரு மணி நேரம் நின்றார். பிறகு நோகாமியின் வீட்டில் ஊர்ப் பெட்டிக் காகிதத்தைப் பார்த்தார். 'இங்கே கையொப்பம் உள்ளது' என்ற வரியில் அவர் விரல் நின்றது.

"தமாகி-சான், இதை ஏன் அச்சுல கையொப்பக் குறியா மாத்தினீங்க?"

"பழக்க தோஷம், சென்செய். என் தப்பு."

"பாதி உங்க தப்பு. மண்ணைக் கேக்காம அட்டை எழுதினது என் தப்பு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த அட்டையை நான் திரும்ப வாங்கிக்கலாமா?"

"முடியாது. பத்தாம் தேதி அதைப் படிக்கணும்."

"முழுக்கவா?"

"உடம்பைப் பார்த்துக்கச் சொன்னதை மட்டும் விட்டுடறேன்."

அப்படியே படித்தாள். மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, முதலில் அட்டை, பிறகு பிரதி, பிறகு குழி என்று வரிசையாகச் சொன்னாள். மேலூருக்கு இரண்டு நாள், கீழூருக்கு ஒரு நாள் என்ற முறையை இந்தக் கிண்ணம் நிரூபிக்காது, வாய்க்கால் அன்றே கீழூருக்குப் போனதைத்தான் நிரூபிக்கும், மற்றதற்கு அந்தப் பிரதியை நம்புவதா என்பது உங்கள் முடிவு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். இவாமுரோ பக்கத்தில் ஒருவர் எதையோ கேட்க வாயெடுத்தார். மினாமிதே திரும்பாமலே, "நான் குழிக்குள்ள இறங்கிப் பாத்தேன்," என்றார். கேட்க வந்தவர் வாயை மூடிக்கொண்டார். நோகாமி அன்றைய நிகழ்ச்சியைப் பென்சிலில் குறித்துக்கொண்டார்.

கான்கிரீட் மதகு இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் அமைந்தது. அடுத்தடுத்த வறண்ட கோடைகளிலும் நிகிதா வயல்களில் வெடிப்பு விழவில்லை. பழைய வாய்க்காலை அளந்து, படமெடுத்து, வரைந்து, மறுபடி மண்ணைப் போட்டு மூடினார்கள். கிண்ணம் நகராட்சிக் கிடங்கில் எண் போட்ட பெட்டியில் இருக்கிறது. நகர வரலாற்றின் மறுபதிப்பில் 'நம்பத்தக்கது' என்பதை ஃபுசாயே 'நம்பத்தக்க பிரதி' என்று திருத்தினாள். நோகாமி கிசாபுரோ எட்டு வருஷம் கழித்து இறந்தார். மினாமிதே இன்னும் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், தோட்டத்தை மகள் பார்த்துக்கொள்கிறாள். மசுயோ மேலும் பதினொரு அகழாய்வுகளில் வேலை செய்தாள், ஆறு பானைகளை உடைத்தாள். யுகியே மகனோடு ஒசாகாவுக்குப் போய்விட்டாள். பேராசிரியர் ஓய்வுபெற்றுக் கியோட்டோவில் காலமானார். ஃபுசாயே இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மார்ச்சில் ஓய்வுபெற்றாள். இப்போது நிகிதாவிலேயே வாடகைக்கு ஒரு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள்.